மாற்றிப் பார்க்காத மாற்றுத் தளம் எதற்கு?

2021 பிப்ரவரி 24, புதன்கிழமை முற்பகல் 11.40 மணிக்கு தேசியப் பங்குச் சந்தையில் வணிகம் நின்றது. மறுநாள் அந்த மாதத்து எஃப் அண்ட் ஓ (முன்பேர, விருப்ப) ஒப்பந்தங்கள் முடிகிற நாள். வாங்கியவரும் விற்றவரும் கணக்கை நேர்செய்யப் பரபரத்துக்கொண்டிருந்த நேரம். வழக்கமாகச் சந்தை மூடும் 3.30 மணி நெருங்கும்வரை, அன்றைக்கு மீண்டும் திறக்குமா என்பதே யாருக்கும் தெரியவில்லை. திறக்காது என்று அஞ்சிய தரகு நிறுவனங்கள் பல, வாடிக்கையாளர்களின் அன்றைய நிலுவைகளை மும்பைப் பங்குச் சந்தையில் கிடைத்த விலைக்குத் தீர்க்கத் தொடங்கிவிட்டன. அதன் பிறகு ஆறஅமர அறிவிப்பு வந்தது: 3.45க்குத் திறக்கிறோம், 5 மணி வரை நடக்கும்.

அந்த நான்கு மணி நேரமும் சென்னையில் ஒரு தளம் சும்மா இருந்தது. மும்பை பாந்த்ரா குர்லா வளாகத்தில் உள்ள முதன்மை அமைப்புக்கு ஏதாவது ஆனால் சந்தையை இங்கிருந்து நடத்த வேண்டும் என்பதற்காகவே தேசியப் பங்குச் சந்தை வைத்திருக்கும் பேரிடர் மீட்புத் தளம் அது. கணினித் துறையினர் சுருக்கமாக ‘டிஆர்’ என்பார்கள். அன்று டிஆருக்கு மாறவில்லை. ஏன் மாறவில்லை என்று பங்குச் சந்தைகளின் ஒழுங்காற்று அமைப்பான செபி விளக்கம் கேட்டது. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகளும் பழுதாயின, அதைத் தொடர்ந்து சேமிப்பகக் கட்டமைப்பு எதிர்பாராத விதத்தில் நடந்துகொண்டது, இடர் மேலாண்மை அமைப்பு கிடைக்காமல் போயிற்று என்று சந்தை சொன்னது. அத்தனையும் உண்மையாகவே இருக்கட்டும். இப்படி ஏதாவது நடந்தால் என்ன செய்வது என்பதற்குத்தானே டிஆர்? 2023இல் சந்தையும் அதன் தீர்வகமும் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 72 கோடி ரூபாய்க்கு மேல் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டன. இப்படிக் கட்டும் தொகை சட்டப்படி இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். அன்று பிற்பகலில் அவசரத்துக்கு விற்று நட்டப்பட்டவரின் பைக்குப் போகாது.

ஒரு சந்தையின் ஒரு நாள் தவறோடு முடிகிற விஷயமாக இருந்தால் பழங்கதை பேசிக்கொண்டிருக்க மாட்டோம். ‘ஸ்டாண்ட்பை இருக்கிறது’, அதாவது மாற்று அமைப்பு தயார் என்பது, இந்த நாட்டில் டெண்டர் ஆவணத்தில் எழுதும் ஒரு வாசகமாகச் சுருங்கிவிட்டது. வங்கி, மருத்துவமனை, பல்கலைக்கழகம், மாநகராட்சி, அரசுத் துறை எங்கே கேட்டாலும் இருக்கிறது என்பார்கள். கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கியிருப்பார்கள். கடைசியாக எந்தத் தேதியில் அதிலிருந்து முழு வேலைநாள் ஒன்றை நடத்தினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கே நின்றுவிடும். பழைய டாக்கீஸ்களில் சுவரோரம் தொங்கும் சிவப்பு வாளியை நினைவிருக்கிறதா? தீயணைக்க மணல் இருக்க வேண்டிய வாளி. ஆய்வாளர் வந்தால் வாளி இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போவார். உள்ளே பீடித் துண்டும் வெற்றிலை எச்சிலும் கிடக்கும். நம் நிறுவனங்கள் பலவற்றின் ஸ்டாண்ட்பை இன்று அந்த வாளியின் நிலையில்தான் இருக்கிறது. இதைக் கண்டிக்கிறோம். தெரியாமல் நடக்கும் பிழையாக இருந்தால் மன்னிக்கலாம். தெரிந்தே தள்ளிப்போடும் வேலை இது.

என்ன வேலை என்பதை வாசகர் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் வங்கியில் பணம் போடுகிறீர்கள், பத்திரம் பதிகிறீர்கள், ரயில் டிக்கெட் எடுக்கிறீர்கள். அந்தப் பதிவு முதன்மைத் தரவுத்தளத்தில் விழும்போதே, என்ன மாறியது என்ற குறிப்பு ஒன்றும் எழுதப்படுகிறது. ஆரக்கிள் என்ற தரவுத்தள மென்பொருளில் அதை ரீடோ என்பார்கள். போஸ்ட்கிரெஸில் வால் என்பார்கள். இந்தக் குறிப்புகள் வரிசை எண்ணோடு வேறு ஊரில் இருக்கும் இரண்டாவது தரவுத்தளத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அது வந்த வரிசையிலேயே அவற்றைத் தன் மேல் ஏற்றிக்கொண்டு, முதன்மையின் மறுபிரதியாக நிற்கும். அதுதான் ஸ்டாண்ட்பை. இரண்டும் உயிரோடு இருக்கும்போதே திட்டமிட்டு இடம் மாற்றினால் ஸ்விட்ச்ஓவர். முதன்மை செத்துவிழுந்த பிறகு இரண்டாவதை அரியணையில் ஏற்றினால் ஃபெயில்ஓவர். முதலாவதில் ஒரு பதிவும் தொலையாது. இரண்டாவதில் வழியில் இருந்த குறிப்புகள் போனால் போனதுதான். ஓய்வான நாளில் முதலாவதைச் செய்து பழகாதவர்கள், தீப்பிடித்த நாளில் இரண்டாவதைச் செய்வார்கள் என்று எப்படி நம்புவது?

மாற்றும் கட்டளை என்னவோ ஒரே வரிதான். ஆரக்கிளின் டேட்டா கார்டு புரோக்கரில் ஸ்விட்ச்ஓவர் என்று சொல்லி ஸ்டாண்ட்பையின் பெயரைத் தட்டினால் போதும். மாற்றத் தயாரா என்று முன்கூட்டியே சரிபார்த்துச் சொல்லும் கட்டளையும் அதிலேயே இருக்கிறது. பிரச்சினை அந்த ஒரு வரியைச் சுற்றி இருக்கும் நூறு விஷயங்களில். செயலியின் அமைப்புக் கோப்பில் பழைய சர்வரின் ஐபி எண்ணை யாரோ கையால் எழுதி வைத்திருப்பார்கள். தரவுத்தளம் மாறிவிடும், செயலி செத்த சர்வரையே தட்டிக்கொண்டிருக்கும். பணப் பரிமாற்றத்துக்கு எதிர்த்தரப்பு வங்கி அனுமதித்திருப்பது முதன்மைத் தளத்தின் முகவரியை மட்டும். ஸ்கேன் செய்த ஆவணங்கள் தரவுத்தளத்தில் இல்லை, வேறொரு கோப்புச் சர்வரில் கிடக்கின்றன. அதற்கு மறுபிரதியே கிடையாது. இரவு ஓடும் வட்டிக் கணக்கு வேலை புதிய தளத்தில் ஓடவே ஓடாது. ஸ்டாண்ட்பையை வாங்கும்போது பாதி நினைவகமும் பாதி புராசசர்களும் போதும் என்று நிதிப் பிரிவு வெட்டியிருக்கும். காலை பத்து மணிக் கூட்டத்தை அது தாங்காது. இவற்றில் ஒன்றுகூட தரவுத்தள நிர்வாகியின் திரையில் சிவப்பு விளக்காக எரியாது. மாற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

தரவுத்தளத்துக்கு உள்ளேயும் பூச்சி இருக்கிறது. மாதக் கடைசியில் பெரிய தரவுக் குவியலை வேகமாக ஏற்ற வேண்டும் என்று யாரோ ஒருவர் குறிப்பு எழுதாமல் ஏற்றும் முறையைப் பயன்படுத்துவார். கட்டாயம் குறிப்பு எழுது என்ற அமைப்பை முதன்மையில் போட்டு வைக்காவிட்டால் ஆரக்கிள் அதை அனுமதித்துவிடும். குறிப்பு இல்லாததால் ஸ்டாண்ட்பைக்கு அந்தத் தரவு போகாது. பின்தங்கல் பூஜ்யம் என்று திரை பச்சையாகவே காட்டும். என்றைக்கோ ஒரு நாள் ஸ்டாண்ட்பையைத் திறந்து அந்த அட்டவணையைப் படிக்கும்போதுதான் பக்கங்கள் கெட்டுக்கிடப்பது தெரியும். போஸ்ட்கிரெஸில் கதை வேறு. ஸ்டாண்ட்பை செத்துப்போய் யாரும் கவனிக்கவில்லை என்றால், அதற்காக ஒதுக்கிய ஸ்லாட் குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டே போகும். கட்டுப்பாடு வைக்காவிட்டால் முதன்மையின் வட்டு நிரம்பி முதன்மையே நின்றுவிடும். காப்பாற்ற வைத்தது காலை வாரிவிடும்.

இந்த அமைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர்களை நாம் குறை சொல்லவில்லை. நள்ளிரவில் எழுப்பப்படுகிறவர்கள் அவர்கள். பல இடங்களில், மாற்றிப் பார்ப்போம் என்று கடிதம் எழுதியதே அவர்கள்தான். மேலே இருந்து வரும் பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: நல்லா ஓடுறதை ஏன் தொடணும்? மாற்றி ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? இந்த ஒரு கேள்வி, எத்தனை டிஆர் தளங்களைப் பொம்மையாக்கியிருக்கிறது! மாற்றாமல் விட்டு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்ற கேள்வியை மட்டும் எந்தக் கூட்டத்திலும் எவரும் கேட்பதில்லை. கண்டனம் அந்த மேசைக்குத்தான்.

மாற்றிப் பார்க்காமல் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானைக் காட்டலாம். ஒழுங்குக்குப் பெயர்போன நாடு. 2020 அக்டோபர் 1, காலை 7.04 மணி. டோக்கியோ பங்குச் சந்தையின் ஆரோஹெட் அமைப்பில், பகிர்வு வட்டுக் கருவி ஒன்றின் நினைவகம் பழுதாயிற்று. பக்கத்திலேயே இரண்டாவது கருவி தயாராக இருந்தது. தானாகவே வேலை அதற்கு மாற வேண்டும். மாறவில்லை. மாறச் செய்யும் அமைப்பு அணைந்தே கிடந்தது. அணைந்திருந்தாலும் சில வினாடிகளில் மாறிவிடும் என்று கையேட்டில் எழுதியிருந்தது. கருவியின் புதிய பதிப்பில் அந்த நடத்தை மாறிவிட்டது, கையேடு மாறவில்லை. உலகின் மிகப் பெரிய சந்தைகளுள் ஒன்று அன்று முழுநாளும் மூடிக்கிடந்தது. 1999இல் முழுமையாக மின்னணு முறைக்கு வந்த பிறகு அப்படி ஒரு நாள் அதற்கு வந்ததில்லை. நவம்பர் கடைசியில் சந்தையின் தலைவர் கொய்ச்சிரோ மியஹாரா பதவி விலகினார். ஆண்டுக்கு ஒரு தடவை அந்த நினைவகத்தைச் சும்மா பிடுங்கிப் பார்த்திருந்தால் கையேட்டின் பொய் அன்றே வெளிப்பட்டிருக்கும்.

சிங்கப்பூரில் 2023 அக்டோபர் 14 அன்று தரவு மையம் ஒன்றில் குளிரூட்டும் அமைப்பை மேம்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, ஒப்பந்ததாரர் அனுப்பிய தவறான சமிக்ஞையால் குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகள் மூடிக்கொண்டன. வெப்பம் ஏறியது. டிபிஎஸ், சிட்டிபேங்க் இரண்டும் விழுந்தன. இரண்டிடமும் மாற்றுத் தளம் இருந்தது, இரண்டும் அதற்கு மாறவும் முயன்றன. டிபிஎஸ்ஸுக்கு நெட்வொர்க் அமைப்பில் இருந்த தவறு தடுத்தது, சிட்டிக்கு இணைப்புக் கோளாறு. சுமார் 25 லட்சம் பணப் பரிமாற்றங்களும் ஏடிஎம் பரிமாற்றங்களும் நிறைவேறவில்லை. அந்நாட்டின் நாணய ஆணையம் என்ன செய்தது தெரியுமா? அவசியமற்ற தகவல் தொழில்நுட்ப மாற்றங்களும் புதிய தொழில் முயற்சிகளும் ஆறு மாதத்துக்கு வேண்டாம் என்று டிபிஎஸ்ஸின் கையைக் கட்டியது. கண்டிப்பு என்றால் அது.

நம் ரிசர்வ் வங்கியும் ஒரு முறை அப்படி நடந்துகொண்டது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. 2020 நவம்பர் 21 அன்று முதன்மைத் தரவு மையத்தில் மின்சாரம் போய் எச்டிஎஃப்சி வங்கியின் இணைய வங்கிச் சேவை முடங்கியது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் அந்த வங்கி இப்படி முடங்கியதுண்டு. டிசம்பர் 2 அன்று ரிசர்வ் வங்கி புதிய டிஜிட்டல் முயற்சிகளையும் புதிய கிரெடிட் கார்டு வாடிக்கையாளர் சேர்ப்பையும் நிறுத்தி வைத்தது. முழுத் தடையும் நீங்க 2022 மார்ச் ஆயிற்று. மின்சாரம் போவது இந்தியாவில் அதிசயமா என்ன? ஒரு மையத்தில் மின்சாரம் போனால் இன்னொரு மையம் ஏன் ஏற்கவில்லை என்பதுதான் கேள்வி.

தென்கொரியாவின் கதையைக் கேட்டால் வயிறு கலங்கும். கக்காவோ நிறுவனம் பயன்படுத்திய தரவு மையத்தில் 2022 அக்டோபரில் தீப்பிடித்து, நாட்டின் பாதிப் பேச்சு நடக்கும் கக்காவோடாக் செயலி நின்றுபோனபோது, அரசுத் தரப்பு தனியாரைக் கடிந்துகொண்டது. நம்முடைய மையத்துக்கு ஏதாவது ஆனால் மூன்று மணி நேரத்தில் மீட்டுவிடுவோம் என்றும் சொன்னது. 2025 செப்டம்பர் 26 இரவு தேஜோனில் உள்ள அரசின் தேசியத் தகவல் வள மையத்தில், லித்தியம் மின்கலங்களை சர்வர்களுக்கு அருகிலிருந்து அப்புறப்படுத்தும் வேலையின்போதே அவை தீப்பற்றின. எத்தனை அமைப்புகள் நின்றன? முதலில் 647 என்றார்கள். சில நாள் கழித்து எண்ணிப் பார்த்து 709 என்றார்கள். தன்னிடம் எத்தனை அமைப்புகள் ஓடுகின்றன என்ற பட்டியலும் அந்த நெருப்பில் மாட்டிக்கொண்டது. மூன்று மணி நேரம் வாரங்களாக நீண்டது.

அதைவிடக் கொடுமை ஜி-டிரைவ். அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சொந்தக் கணினியில் வைக்கக் கூடாது, இதில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லி உருவாக்கிய பொதுச் சேமிப்பகம். சுமார் 1,25,000 பேர் பயன்படுத்தினார்கள். 858 டெராபைட். வெளியே எங்கும் பிரதி இல்லை. அளவு பெரியது, அதனால் பிரதி எடுக்க முடியவில்லை என்று காரணம் சொன்னார்கள். முழுவதும் போயிற்று. ஊழியர்களிடம் சொந்தக் கணினியில் வைக்காதே என்று கட்டளையிடத் தெரிந்த அரசுக்கு, தானே இரண்டு இடத்தில் வைக்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் குவிப்பதுதான் டிஜிட்டல் ஆட்சி என்று நினைக்கும் நம் ஊர் அதிகாரிகள் அந்தக் கருகிய அறையின் படத்தை மேசையில் ஒட்டி வைக்கலாம்.

தானியங்கி மென்பொருள் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. 2018 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் நிறுவனத்தின் கிழக்குக் கரை இணைப்பு 43 வினாடிகள் அறுந்தது. மென்பொருள் சொன்ன வேலையைச் செய்தது. மேற்குக் கரையில் இருந்த தரவுத்தளத்தை முதன்மையாக்கிவிட்டது. இணைப்பு திரும்பியபோது கிழக்கில் மேற்குக்குப் போகாத சில பதிவுகள், மேற்கில் கிழக்குக்கு வராத சில பதிவுகள். எது உண்மை? இரண்டும். அதைப் பிரித்துச் சேர்த்து இயல்புநிலைக்குத் திரும்ப 24 மணி நேரமும் 11 நிமிடமும் ஆயின. ஆகவே எப்போது மாறுவது, யார் சொன்னால் மாறுவது, மாறினால் எவ்வளவு தரவை இழக்கத் தயார் என்ற முடிவை மென்பொருளின் தலையில் கட்ட முடியாது. அது நிர்வாகத்தின் முடிவு. சென்னைக்கும் மும்பைக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி போய்வரவே பத்து மில்லிவினாடிக்கு மேல் ஆகும். ஒவ்வொரு பதிவும் அங்கே விழுந்தது உறுதியான பிறகே இங்கே ஒப்புக்கொள்வது என்று வைத்தால் சந்தை தவழும். உறுதிக்குக் காத்திராமல் அனுப்பினால் வேகம் இருக்கும், கடைசிச் சில வினாடிகள் தொலையலாம். இதனால்தான் முதன்மைக்கு அருகிலேயே இன்னொரு தளமும் வைக்கிறார்கள். இயற்பியலோடு பேரம் பேச முடியாது. எதை இழப்பது என்று முன்னாடியே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கத்தான் முடியும். அந்தக் கையெழுத்துக்குப் பயந்து ஓடுகிறவர்கள்தான் பேரிடர் நாளில் நான்கு மணி நேரம் கூட்டம் போடுகிறார்கள்.

அதே வகை நிறுவனமான கிட்லேப்பின் கதையை இங்கே ஒரு வரியிலாவது சொல்லியாக வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று, பின்தங்கிய ஸ்டாண்ட்பையைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர் களைப்பில் முதன்மைச் சர்வரின் தரவையே அழித்துவிட்டார். பேக்கப் பல விதமாக எடுப்பதாக நம்பியிருந்தார்கள். போய்ப் பார்த்தால், பதிப்புப் பொருந்தாததால் தரவுத்தளப் பேக்கப் நெடுநாளாக ஓடவே இல்லை. ஓடவில்லை என்று எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த நகல் ஒன்று காப்பாற்றியது. அந்த நிறுவனம் அத்தனையையும் மூடாமல் ஊருக்குச் சொன்னது. நம் ஊரில் யார் அப்படிச் சொன்னார்கள்?

முடியாத காரியத்தைக் கேட்கிறோமா என்றால், இல்லை. 2021 அனுபவத்துக்குப் பிறகு செபி அந்த மார்ச்சிலேயே கயிற்றை இறுக்கியது. முக்கிய அமைப்பு நின்றால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்றுத் தளத்தில் வேலை நடக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, தொடர்ந்து இரண்டு நாளாவது உண்மையான வணிகத்தையே டிஆரிலிருந்து நடத்த வேண்டும். 2024 மார்ச் 2, மே 18 ஆகிய இரண்டு சனிக்கிழமைகளிலும் தேசியப் பங்குச் சந்தை முதல் அமர்வை முதன்மைத் தளத்திலும், இடைவேளைக்குப் பிறகு இரண்டாவது அமர்வை டிஆரிலும் நடத்தியது. வானம் இடிந்து விழவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே பழக்கம் இருந்திருந்தால் இந்தத் தலையங்கத்தின் முதல் பத்தியே இருந்திருக்காது.

ரிசர்வ் வங்கியும் 2023 நவம்பரில் வெளியிட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த வழிகாட்டுதலில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியிருக்கிறது. முக்கிய அமைப்புகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது ஒத்திகை. அதுவும் நாள் தொடக்கம் முதல் நாள் முடிவு வரை முழு வேலைநாள் ஒன்றின் வழக்கமான வேலை மாற்றுத் தளத்தில் நடக்க வேண்டும். இரண்டு தளங்களின் அமைப்பும் பாதுகாப்புத் திருத்தங்களும் ஒன்றாக இருக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் ஒத்திகை என்ற பெயரில் நடக்கும் நாடகம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரம். ஸ்டாண்ட்பையைப் படிக்க மட்டும் திறந்து, சோதனைக் கணக்கில் ஒரு ரூபாய் இருப்பைப் பார்த்து, திரையைப் படம் பிடித்து, அறிக்கையில் ஒட்டி, கையெழுத்து வாங்கி மூடிவிடுவது. முதன்மை அன்றும் முதன்மையாகவே இருந்தது. எதுவும் மாறவில்லை. தணிக்கையாளருக்கு மட்டும் மனம் நிறைந்தது. இதை ஒத்திகை என்று எழுதுகிற தணிக்கையாளரும் இந்தக் குற்றத்தில் கூட்டாளி.

விதி இருந்தும் இடறுவதற்குச் சான்று 2025 அக்டோபர் 28. பல்பொருள் பண்டகச் சந்தையான எம்சிஎக்ஸில் காலை 9 மணிக்குத் தொடங்க வேண்டிய வணிகம், மாற்றுத் தளத்துக்குப் போவதாக அறிவித்த பிறகும் மதியம் 1.25க்குத்தான் தொடங்கியது. வாடிக்கையாளர் குறியீடு போன்றவற்றுக்கு அமைப்புக்குள் முன்பே வைத்திருந்த உச்சவரம்பு தாண்டப்பட்டதைச் சந்தை பிறகு காரணமாகச் சொன்னது. முதன்மையை அச்சாக நகலெடுத்தால் அதன் நோயும் சேர்ந்துதான் வரும். மாற்றுத் தளம் எல்லா நோய்க்கும் மருந்தல்ல என்பதையும் நிர்வாகங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சந்தைக்கும் வங்கிக்கும் இவ்வளவு சட்டம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் தேர்வு முடிவுக்கும் மருத்துவப் பதிவுக்கும் என்ன இருக்கிறது? பங்குச் சந்தை சுற்றறிக்கை விட்டு, இந்தத் தேதியில் இத்தனை மணிக்கு டிஆருக்கு மாறுகிறோம் என்று ஊருக்கு அறிவிப்பது போல, ஒரு துறையாவது அறிவித்து நாம் பார்த்ததில்லை. ‘சர்வர் டவுன், நாளைக்கு வாங்க’ என்ற நான்கு சொல்லில் ஒரு கூலித் தொழிலாளியின் ஒரு நாள் வருமானத்தை வாரிக்கொண்டு போகும் கவுன்ட்டர்களுக்கு, 45 நிமிடக் கணக்கு ஏன் பொருந்தாது? பங்கு விற்கிறவனின் நேரம் மட்டும் பொன்னா?

ஆகவே மத்திய, மாநில அரசுகளிடம் நாம் வேண்டுவது கருணையல்ல, திருத்தம். மக்கள் சேவை நடத்தும் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை உண்மையான ஸ்விட்ச்ஓவர் நடக்க வேண்டும். வேலைநாளில், கூட்டம் உள்ள நேரத்தில். மாற்றிய அன்றே திரும்பி ஓடிவரக் கூடாது, சில நாளாவது அங்கிருந்தே நடத்த வேண்டும். நடந்த தேதி, எடுத்துக்கொண்ட நிமிடங்கள், தோற்ற விஷயங்கள் மூன்றும் துறையின் தளத்தில் வெளியாக வேண்டும். மாறலாம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பது பதவிப் பெயரோடு எழுதப்பட வேண்டும். அவர் விடுப்பில் இருந்தால் யார் என்பதும். டெண்டரில் ஸ்டாண்ட்பை வாங்கியதற்குப் பணம் கொடுப்பதை நிறுத்துங்கள். ஸ்டாண்ட்பையிலிருந்து ஓடிக் காட்டியதற்குக் கொடுங்கள். மாற்றும்போது ஏதாவது தடுக்கினால் அந்தப் பொறியாளர் மேல் பாயக் கூடாது என்ற உறுதியும் எழுத்தில் வேண்டும். அது இல்லாமல் எவரும் விசையைத் தொட மாட்டார். மாற்றிப் பார்க்க அனுமதி மறுத்த அதிகாரியின் பெயர் மட்டும் கோப்பில் பதியட்டும்.

அரசுகள் தாமாகச் செய்யும்வரை வாசகர் காத்திருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். உங்களுக்குச் சேவை தரும் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: உங்கள் முதன்மைத் தரவுத்தளத்துக்கு மாற்றுத் தளம் உண்டா, கடைசியாக எந்தத் தேதியில் மக்கள் சேவையை அதிலிருந்து நடத்தினீர்கள், எத்தனை மணி நேரம் நடத்தினீர்கள், மாற்ற முடிவெடுக்கும் அலுவலரின் பதவி என்ன? பாதுகாப்புக் காரணம் என்று தட்டிக்கழிப்பார்கள். விடாதீர்கள், மேல்முறையீடு செய்யுங்கள். நீங்கள் கேட்பது சர்வரின் முகவரியையோ கடவுச்சொல்லையோ அல்ல, ஒரு தேதியை. வரும் பதில்களை எங்களுக்கும் அனுப்பி வையுங்கள். துறையின் பெயரோடு வெளியிடுகிறோம். பதில் வராத துறைகளின் பெயரையும்.